விபிஎன் இணைந்திருக்கிறது, பக்கம் மட்டும் வரவில்லை: பெருமாநல்லூர் யூனிட் நிகழ்வு ஆய்வு

திருப்பூரில் தலைமை அலுவலகம், பெருமாநல்லூரில் தையலும் பேக்கிங்கும் நடக்கும் யூனிட் என இரண்டு இடங்களில் இயங்கும் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனம். யூனிட்டுக்குப் புது ஃபைபர் லைன் போட்ட பிறகு, விபிஎன் வழியே போகும் தளங்கள் திறப்பதில்லை என்று அழைத்தார்கள். இரண்டு இடங்களையும் இணையத்துக்குள்ளே பூட்டிய தனி வழியால் இணைப்பது விபிஎன், அந்த வழிக்குப் பெயர் டனல். ரவுட்டரில் டனல் இணைந்திருப்பதாகக் காட்டுகிறது. தலைமை அலுவலகத்துக்கு பிங் என்ற சிறு சோதனைச் செய்தியை அடித்தால் பதில் வருகிறது. விபிஎன் இல்லாமல் ஸ்பீடு டெஸ்ட் போட்டால் லைனுக்குச் சொன்ன வேகம் முழுசாகக் கிடைக்கிறது. சரக்கு வாங்கும் நிறுவனமான பையரின் தளம் திறக்கவில்லை. அது திறக்காவிட்டால் கார்ட்டன் லேபிளை இறக்க முடியாது. லேபிள் ஒட்டாத பெட்டியைத் தூத்துக்குடிக்குப் போகும் கன்டெய்னரில் ஏற்ற முடியாது.

இந்தப் பக்கத்துத் தொழில் ஒரே கூரையின் கீழ் நடப்பதில்லை. நிட்டிங் ஓர் ஊரில், சாயம் இன்னோர் ஊரில், தையலும் செக்கிங்கும் வேறோர் ஊரில். அதனால் ஈரோடு, பெருந்துறை, கரூர், கோவை என்று எங்கே போனாலும் இரண்டு மூன்று இடங்களை விபிஎன்னால் கட்டி வைத்திருக்கும் அலுவலகங்களைப் பார்க்கலாம். இதே கோளாறு அங்கெல்லாம் வருகிறது. பெரும்பாலும் லைனை மறுபடி மாற்றுகிறார்கள், இன்னும் பெரிய பிளான் வாங்குகிறார்கள். சிலர் விபிஎன்னே வேண்டாம் என்று ஆர்டர், கணக்கு எல்லாம் இருக்கும் ஈஆர்பி சர்வரை நேராக இணையத்தில் திறந்து விடுகிறார்கள். எனக்கு மிகவும் கவலை தருவது இந்தக் கடைசி முடிவுதான். ஒரு எண்ணை மாற்றினால் தீரும் சிக்கலுக்காக நிறுவனத்தின் மொத்தக் கணக்கையும் தெருவில் வைப்பது அது. அதற்காகவே இதை விரிவாக எழுதுகிறேன்.

இருந்த அமைப்பு

தலைமை அலுவலகத்தில் நிலையான ஐபி முகவரியோடு, அதாவது மாறாத இணைய எண்ணோடு, நிறுவனத்துக்கென்றே எடுத்த ஒரு லீஸ்டு லைன். பையரின் தளம் அந்த ஒரு முகவரியிலிருந்து வரும் இணைப்பை மட்டுமே உள்ளே விடும். ஈஆர்பி சர்வரும் அங்கேதான் இருக்கிறது. ஆகவே யூனிட்டிலுள்ள சிறிய ரவுட்டருக்கும் தலைமை அலுவலக ரவுட்டருக்கும் இடையே வயர்கார்டு என்ற விபிஎன் மென்பொருளால் டனல் போட்டு, யூனிட்டின் எல்லாப் போக்குவரத்தும் அதன் வழியே திருப்பூர் போய் அங்கிருந்து வெளியே போகும்படி செய்திருந்தார்கள். முழு டனல். யூனிட் ரவுட்டரில் எதிர்முனை முகவரியாக எண்ணைக் கொடுக்காமல் ஒரு டொமைன் பெயரைக் கொடுத்திருந்தார்கள். இந்தச் சின்ன விவரம் பிறகு பெரிதாகிறது.

பழைய லைனில் இந்த அமைப்பு நெடுநாள் நன்றாக ஓடியிருக்கிறது. புது லைன் போட்டபோது ரவுட்டரில் எதையும் தொடவில்லை. பழைய மோடமிலிருந்த கேபிளைப் பிடுங்கிப் புது மோடமில் செருகினார்கள், அவ்வளவுதான். நல்லவேளையாகப் பழைய லைனை இன்னும் துண்டிக்கவில்லை.

சொன்னவர்கள் சொன்னது

பேக்கிங் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் பெண் சொன்னது இது: "ஏனுங்ணா, யூடியூப் ஓடுதுங்க, வாட்ஸாப்ல மெசேஜ் வருதுங்க, ஃபோட்டோ வரமாட்டீங்குது. பையர் சைட்டுக்குப் போனா சுத்தீட்டே இருக்குதுங்க. ஈஆர்பி உள்ள போகுது, ஆர்டர் லிஸ்ட்டத் தொட்டா அப்படியே நின்னு போகுதுங்க."

இதற்கு மேல் ஒரு நோயாளி சொல்ல வேண்டியதில்லை. சின்னது வருகிறது, பெரியது வரவில்லை. செய்தி வருகிறது, படம் வரவில்லை. உள்நுழையும் பக்கம் வருகிறது, ஆயிரம் வரி கொண்ட ஆர்டர் பட்டியல் வரவில்லை. நெட்வொர்க் வேலைக்கு வருபவர் கருவியை எடுப்பதற்கு முன்னால் அங்கே உட்கார்ந்து வேலை செய்பவரிடம் எது போகிறது, எது நிற்கிறது என்று கேட்டுவிட வேண்டும். பாதி ஆய்வு அதிலேயே முடிந்துவிடும்.

யூனிட் மேலாளருக்கு வேறு கணக்கு. "பழைய லைன்ல ஒண்ணுமே ஆகலீங்க தம்பி. புது லைன்காரங்களக் கூப்பிட்டா எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்குதுங்கறாங்க. அந்த லைனையே கழட்டிப் போட்ரலாமுங்களா?" என்றார். கேபிளைப் பழைய மோடமுக்கு மாற்றியதும் எல்லாம் திறந்தது. புது மோடமுக்கு மாற்றியதும் நின்றது. அவர் சொன்னதில் தவறே இல்லை. லைன்காரர்கள் சொன்னதும் பொய்யில்லை என்பது பிறகு தெரிந்தது.

எந்தப் படியில் நிற்கிறது

ஒரு தளம் திறப்பதற்குள் சில படிகள் நடக்கின்றன. பெயருக்கு உரிய எண் முகவரியைக் கேட்பது முதல் படி. அந்த முகவரியோடு டிசிபி இணைப்பு, அதாவது இரு பக்கமும் பேசத் தயார் என்று உறுதி செய்துகொள்ளும் இணைப்பு, போடுவது இரண்டாவது. பூட்டுச் சாவி பரிமாறி, சான்றிதழைச் சரிபார்ப்பது மூன்றாவது. அதன் பிறகுதான் பக்கமே வரும். எந்தப் படியில் நின்றது என்று தெரியாமல் மருந்து கொடுக்கக் கூடாது. பிரவுசர் நினைவகத்தை அழிப்பது, ஆன்டிவைரஸை எடுப்பது, ஃபயர்வாலை மொத்தமாக அணைப்பது எல்லாம் அங்கே ஏற்கெனவே நடந்து முடிந்திருந்தன.

பெயர்ப் படியில் குறை இல்லை. டனலோடும் டனல் இல்லாமலும் பையர் தளத்தின் பெயருக்கு ஒரே முகவரிதான் வந்தது. பெயர் கிடைக்காவிட்டால் பிரவுசர் உடனே அப்படிச் சொல்லிவிடும், சுற்றிக்கொண்டு நிற்காது. விண்டோஸின் பவர்ஷெல்லில் பாதுகாப்பான தளங்களுக்கான வாசல் எண்ணான 443 போர்ட்டைத் தட்டிப் பார்த்தால் இணைப்பு கிடைக்கிறது. ஆக இரண்டாம் படியும் சரி. பிரவுசரின் அடிமூலையில் பாதுகாப்பான இணைப்பை உருவாக்குவதாக ஒரு வரி வந்து, அதிலேயே நின்றது. மூன்றாம் படி.

அந்தப் படியில் அப்படி என்ன விசேஷம்? இணையத்தில் எதுவும் பாக்கெட் எனும் சிறு பொட்டலங்களாகத்தான் போகும். டிசிபி இணைப்புப் போடும் பாக்கெட்டுகள் மிகச் சிறியவை. மூன்றாம் படியில்தான் முதன்முறையாகச் சர்வர் தன் சான்றிதழ்களைச் சேர்த்து அனுப்புகிறது. அவை சில ஆயிரம் பைட் இருக்கும். ஒரு பாக்கெட்டில் அடங்காது. ஆகவே முழு அளவுப் பாக்கெட்டுகளாக வரும். முழு அளவுப் பாக்கெட் வர வேண்டிய இடத்தில் நிற்கிறது என்றால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த வழியில் எவ்வளவு பெரிய பாக்கெட் போகும்?

அளவு

ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு 1500 பைட். இதை எம்டியு என்பார்கள். வீட்டுக்கும் சிறு அலுவலகத்துக்கும் வரும் பல ஃபைபர் லைன்கள் பிபிபிஓஇ முறையில் பயனர் பெயர், கடவுச்சொல்லோடு இணைபவை. அந்த முறை ஒவ்வொரு பாக்கெட்டிலும் 8 பைட்டைத் தனக்கு எடுத்துக்கொள்ளும். மிச்சம் 1492. பழைய லைனும் பிபிபிஓஇ, புது லைனும் பிபிபிஓஇ. இரண்டிலும் 1492தான்.

விபிஎன் இதற்கு மேல் இன்னொரு சுமை. பையர் சொன்ன அளவுக் கார்ட்டனை இன்னொரு பெரிய கார்ட்டனுக்குள் வைத்து அனுப்புவதைப் போன்றது அது. உள்ளே இருப்பது மாறவில்லை, ஆனால் வாசலில் நுழைய வேண்டியது வெளிப்பெட்டி. வயர்கார்டு ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் 32 பைட் சேர்க்கிறது. அதற்கு மேல் யுடிபி என்ற அனுப்பும் முறையின் தலைப்பு, அதாவது முன்னால் ஒட்டும் விவரச்சீட்டு, 8. அதற்கு மேல் வெளி ஐபி தலைப்பு, பழைய முகவரி முறையான ஐபிவி4 என்றால் 20, புதிய நீள முகவரி முறையான ஐபிவி6 என்றால் 40. மொத்தம் ஐபிவி4 வழியே போனால் 60, ஐபிவி6 வழியே போனால் 80. வயர்கார்டு தன் டனல் எம்டியுவை வழக்கமாக 1420 என்று வைப்பது இந்த 80-ஐ 1500-இலிருந்து கழித்துத்தான். அடியில் இருக்கும் லைன் 1500-ஐத் தாங்கும் என்ற அனுமானம் அதில் இருக்கிறது.

1420-உடன் 60 சேர்த்தால் 1480. 1492-க்குள் அடங்குகிறது. 1420-உடன் 80 சேர்த்தால் 1500. எட்டு பைட் அதிகம்.

பழைய லைனில் ஐபிவி4 மட்டுமே இருந்தது. புது லைன் ஐபிவி6-உம் தருகிறது. எதிர்முனைக்குக் கொடுத்திருந்த டொமைன் பெயருக்கு இரண்டு வகை முகவரியும் பதிந்திருந்தன. யூனிட் ரவுட்டர் தனக்கு ஐபிவி6 கிடைத்ததும் வழக்கப்படி அதையே தேர்ந்தெடுத்தது. ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் எதிர்முனை என்ற இடத்தில் நீளமான ஐபிவி6 முகவரி இருந்தது. பழைய லைனுக்கு மாற்றி ரவுட்டரை மறுபடி துவக்கினால் அதே இடத்தில் நான்கு எண் கொண்ட ஐபிவி4 முகவரி. லைனின் தரத்தில் எந்தக் கோளாறும் இல்லை. டனல் போகும் பாதைதான் மாறியிருந்தது.

பன்னிரண்டு பைட் அகலமுள்ள மௌனம்

கணக்கு பொருந்துகிறது என்பதற்காக அதை நம்பிவிட முடியாது. பிங் கட்டளைக்கு விண்டோஸில் இரண்டு குறிகள் உண்டு: எஃப் என்பது பாக்கெட்டை உடைக்காதே என்பதற்கு, எல் என்பது அளவுக்கு. கொடுக்கும் அளவோடு ஐபி தலைப்பு 20, பிங் பயன்படுத்தும் ஐசிஎம்பி முறையின் தலைப்பு 8, ஆக 28 சேர்ந்துகொள்ளும்.

மடிக்கணினியைப் புது மோடமில் நேராகச் செருகி, டனல் இல்லாமல் வெளியே அடித்தால் 1464 போகிறது. 1465 கொடுத்தால் உடைக்க வேண்டும் என்று உடனே பதில் வருகிறது. 1464-உம் 28-உம் 1492. எதிர்பார்த்ததுதான். அடுத்து டனல் வழியே தலைமை அலுவலகத்துக்கு அடித்தேன். டனல் எம்டியு 1420 என்பதால் 1392 வரை போக வேண்டும். 1393 கொடுத்தால் யூனிட் ரவுட்டரே உடைக்க வேண்டும் என்று பதில் சொன்னது. ஆனால் 1392-க்குப் பதிலே இல்லை. 1390-க்கும் இல்லை. இறக்கிக்கொண்டே வந்தால் 1380-க்குப் பதில் வந்தது. 1381-க்கு வரவில்லை.

1381 முதல் 1392 வரை மௌனம். மறுப்பும் இல்லை, பதிலும் இல்லை. முழு அளவு டிசிபி பாக்கெட் 1420 பைட், அதாவது பிங் கணக்கில் 1392. சரியாக அந்தப் பள்ளத்துக்குள் விழுகிறது.

வெறும் கழித்தல் கணக்குப்படி 1492-இலிருந்து 80 போனால் 1412. பிங்கில் 1384 வரை போயிருக்க வேண்டும். ஏன் 1380-இலேயே நின்றது? வயர்கார்டு உள்ளே வரும் பாக்கெட்டின் நீளத்தை 16-இன் மடங்காக நிரப்பும், ஆனால் டனல் எம்டியுவைத் தாண்ட விடாது. 1408 என்பது 16-இன் மடங்கு. அப்படியே போகிறது, வெளியே 1488. 1409 வந்தால் அடுத்த மடங்கு 1424. அது 1420-ஐத் தாண்டுவதால் 1420-இல் நிறுத்துகிறது, வெளியே 1500. அதனால்தான் எல்லை 1408-இல், பிங் கணக்கில் 1380-இல் விழுந்தது. இந்த நான்கு பைட் வித்தியாசத்துக்கும் விடை கிடைத்த பிறகுதான் காரணம் இதுவே என்று மேலாளரிடம் உறுதியாகச் சொன்னேன்.

செய்தி வந்துகொண்டுதான் இருந்தது

பாக்கெட் பெரிதாக இருந்தால் அனுப்பியவருக்குத் தெரியாதா? தெரிய வேண்டும். அதற்கான ஏற்பாடு 1990-இல் இணைய விதிமுறைகளைச் சொல்லும் ஆர்எஃப்சி வரிசையில் 1191 என்ற ஆவணத்திலேயே வகுக்கப்பட்டது. வழியில் எந்த இடத்தில் நுழையவில்லையோ அந்த ரவுட்டர் அனுப்பியவருக்கு ஐசிஎம்பி செய்தி ஒன்றை அனுப்பும். அவர் அளவைக் குறைத்துக்கொள்வார். ஐபிவி4-இல் வழியிலுள்ள ரவுட்டரே பாக்கெட்டை உடைத்து அனுப்பவும் சில நேரம் இடமுண்டு. ஐபிவி6-இல் அது கிடையாது. வழியில் யாரும் உடைக்க மாட்டார்கள். பாக்கெட் மிகப் பெரிது என்ற ஐசிஎம்பிவி6 செய்தி, வகை எண் 2, அது ஒன்றுதான் வழி.

தலைமை அலுவலக ஃபயர்வாலில் பாதுகாப்பு என்று ஐசிஎம்பி முழுவதையும் தடுத்து வைத்திருந்தார்கள். அதன் பதிவைத் திறந்தால், லைன்காரர்களின் கருவியிலிருந்து வகை 2 செய்தி திரும்பத் திரும்ப வந்து, ஒவ்வொன்றும் தள்ளப்பட்டிருந்தது. யூனிட்டில் கார்ட்டன்கள் அடுக்கிக் கிடக்க, காரணத்தைச் சொல்லும் செய்தி திருப்பூர் வாசலில் நின்று தட்டிக்கொண்டிருந்திருக்கிறது. லைன்காரர்கள் தங்கள் பக்கம் சரி என்று சொன்னது இதனால்தான் உண்மை.

ஐசிஎம்பியை மொத்தமாகத் தடுக்கும் பழக்கம் பிங் அடித்துத் தொல்லை கொடுப்பார்கள் என்ற பழைய பயத்திலிருந்து வந்தது. ஐபிவி6-இல் எந்தெந்தச் செய்தியைத் தடுக்கக் கூடாது என்று 2007-இல் ஆர்எஃப்சி 4890 விளக்கமாகச் சொல்லியிருக்கிறது. வகை 2 அதில் முதன்மையானது. ஃபயர்வால் அமைத்துக் கொடுக்கும் நண்பர்கள் இதை ஒருமுறை படித்துவிட வேண்டும் என்று உண்மையாகவே கேட்டுக்கொள்கிறேன்.

யூடியூப் ஏன் ஓடியது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நெட் நன்றாகத்தான் இருக்கிறது என்று எல்லோரையும் நம்ப வைத்தது அதுதான். குரோமும் யூடியூப்பும் பேசிக்கொள்வது பெரும்பாலும் குயிக் என்ற முறையில், டிசிபியில் அல்ல. 2021-இல் வந்த ஆர்எஃப்சி 9000-இன்படி குயிக் இணைப்புக்கு வழி 1200 பைட்டைத் தாங்கினால் போதும். அங்கிருந்து தொடங்கி, போகிறதா என்று சோதித்துப் பார்த்துத்தான் அளவைக் கூட்டும். அதனால் அது அந்தப் பள்ளத்தின் பக்கமே வரவில்லை. ஈஆர்பி, பையர் தளம் இரண்டும் டிசிபி. ஒரு தளம் ஓடுவது இன்னொரு தளத்தின் வழி சரியாக இருப்பதற்குச் சாட்சி ஆகாது.

செய்த மாற்றம்

முதலில் ஃபயர்வாலில் வகை 2 செய்தியை அனுமதித்தோம், ஐபிவி4-இல் அதற்கு இணையான செய்தியையும். இதனாலேயே பக்கங்கள் திறக்கத் தொடங்கின. ஆனால் இதோடு விட்டிருந்தால் ரவுட்டர் ஒவ்வொரு முழுப் பாக்கெட்டையும் இரண்டாக உடைத்து அனுப்பும். துண்டு பாக்கெட்டுகளைச் சில நெட்வொர்க்குகள் விடுவதில்லை, விட்டாலும் வேலை இரட்டிப்பு.

ஆகவே இரண்டு ரவுட்டரிலும் டனல் எம்டியுவை 1400 ஆக்கினோம். ஒரு பக்கம் மட்டும் மாற்றிவிட்டுப் போகக் கூடாது. 1412 வரை வைக்கலாம். ஆனால் இழுத்துக் கட்டிய கணக்கு நாளைக்கு லைனில் இன்னொரு தலைப்பு சேர்ந்தால் அறுந்துவிடும். 1400-உடன் 80 சேர்த்தால் 1480. பன்னிரண்டு பைட் இடைவெளி இருக்கிறது. டிசிபி இணைப்பு தொடங்கும்போதே ஒரு பாக்கெட்டில் எவ்வளவு தரவு ஏற்றலாம் என்பதை ரவுட்டர் குறைத்துச் சொல்வது எம்எஸ்எஸ் கிளாம்பிங். இரண்டு ரவுட்டரிலும் அது ஏற்கெனவே இயங்கியதால், தலைப்புகள் போக ஒரு பாக்கெட் சுமக்கும் தரவு தானாகவே 1360-க்கு இறங்கியது. அது இல்லாத ரவுட்டரில் அதையும் போட வேண்டும், இல்லாவிட்டால் வெளித் தளங்கள் 1500 அளவில் அனுப்பிக்கொண்டே இருக்கும்.

மறுபடி பிங். 1372 போகிறது. 1373-க்கு உடைக்க வேண்டும் என்று தெளிவான பதில். இடையில் மௌனம் இல்லை. பையர் தளம் திறந்தது, லேபிள் இறங்கியது.

டொமைன் பெயரிலிருந்து ஐபிவி6 முகவரியை நீக்கிவிட்டால் ஒரே நிமிடத்தில் எல்லாம் ஓடியிருக்கும். பலர் அதைத்தான் செய்வார்கள். நான் செய்யவில்லை. நிலையான ஐபிவி4 முகவரி கிடைப்பது வர வர அரிதாகி, சந்தாதாரர்கள் பலரை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் அடைத்து வைக்கும் லைன்களே கூடிக்கொண்டு வருகின்றன. ஐபிவி6-ஐ ஒதுக்கி வைத்துத் தப்பிப்பது அடுத்த லைன் மாற்றத்தில் இதே இடத்துக்குத்தான் கொண்டுவந்து விடும்.

அதே நிறுவனத்தில் வேறு இரண்டு

அங்கே இருந்தபோது இன்னும் இரண்டு புகார்கள் வந்தன. பார்வைக்கு இவையும் விபிஎன் போட்டால் திறக்கவில்லை என்ற அதே புகார்தான். காரணம் முற்றிலும் வேறு.

கணக்கு பார்க்கும் பெண்ணுக்குக் குழந்தை பிறந்து, கோபிசெட்டிபாளையத்தில் அம்மா வீட்டிலிருந்து வேலை செய்கிறார். மடிக்கணினியில் வயர்கார்டு இணைகிறது. ஈஆர்பி மட்டும் கிடைக்கவே இல்லை, உள்நுழையும் பக்கம்கூட வரவில்லை. சின்னதும் போகவில்லை என்றால் அளவுக் கோளாறு இல்லை. ஈஆர்பி சர்வரின் முகவரி 192.168.1.10. அவர் வீட்டு மோடம் கொடுக்கும் முகவரிகளும் 192.168.1 என்றே தொடங்குகின்றன. மடிக்கணினி அந்த முகவரியைத் தன் வீட்டுக்குள்ளேயே தேடுகிறது. டனலுக்குள் அனுப்ப வேண்டும் என்றே அதற்குத் தோன்றாது. 1996-இல் ஆர்எஃப்சி 1918 தனிப்பட்ட நெட்வொர்க்குகளுக்காக மூன்று பெரிய முகவரித் தொகுதிகளை ஒதுக்கியது; 10 என்று தொடங்குவது மட்டுமே ஒரு கோடியே அறுபத்தேழு லட்சத்துக்கு மேல். அவ்வளவு இடமிருக்க, மோடம்கள் பெட்டியிலிருந்து வரும்போதே 192.168.0 அல்லது 192.168.1-இல் உட்கார்ந்துவிடுகின்றன, அலுவலகங்களும் அதையே வைத்துக்கொள்கின்றன.

அவசரத்துக்கு அவருடைய வயர்கார்டு அமைப்பில் அந்த ஒரே முகவரியை மட்டும் டனலுக்கு என்று குறித்தோம். தொகுதியைவிடத் தனி முகவரிக்கான வழி குறிப்பானது, ஆகவே கணினி அதையே எடுத்துக்கொள்ளும். அவர் வீட்டில் வேறு எந்தக் கருவிக்கும் அதே எண் வராத வரை இது ஓடும். நிலையான தீர்வு தலைமை அலுவலகத்தின் எண்களை 10-இல் தொடங்கும் யாரும் எளிதில் தொடாத ஒரு தொகுதிக்கு மாற்றுவதுதான். பிரின்டர்கள், வருகைப் பதிவு மெஷின், கேமரா பதிவுப் பெட்டி எல்லாவற்றிலும் பழைய எண் எழுதியிருக்கும் என்பதால் அதை ஒரு விடுமுறை நாளில் செய்தார்கள். புதிதாக அலுவலகம் தொடங்குபவர்கள் முதல் நாளிலேயே இதைச் செய்துவிட்டால் பிறகு இந்தப் பாடு இல்லை.

இரண்டாவது, பையரோடு பேசி ஆர்டர்களைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசர் ஒருவரின் கணினி. வெளிநாட்டுக் கடைகளின் தளங்களை அந்த நாட்டு விலையோடு பார்க்க அவர் சந்தா கட்டி ஒரு விபிஎன் செயலி வைத்திருந்தார். அதை அணைக்காமல் ஓர் அரசுத் தளத்துக்குப் போனால் அனுமதி இல்லை என்று உடனே வந்தது. "இந்தியா சர்வர்தானுங்ணா போட்டிருக்கறேன்" என்றார். செயலியில் இந்தியா என்றுதான் இருந்தது. ஆனால் 2022 ஏப்ரல் 28-ஆம் தேதி இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு, விபிஎன் சேவை நடத்துபவர்கள் சந்தாதாரர் விவரங்களை ஐந்தாண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றது. அதை ஏற்காமல் எக்ஸ்பிரஸ்விபிஎன், நார்ட்விபிஎன், சர்ஃப்ஷார்க் போன்ற நிறுவனங்கள் அதே ஆண்டில் இந்தியாவிலிருந்த சர்வர்களை எடுத்துவிட்டன. அதன் பிறகு பல செயலிகளில் இந்தியா என்று காட்டுவது வெளிநாட்டில் இருக்கும் சர்வருக்குக் கொடுத்த இந்திய முகவரி. விபிஎன் நிறுவனங்களின் முகவரித் தொகுதிகளை அடையாளம் கண்டு தடுக்கும் தளங்கள் உண்டு. வெளிநாட்டிலிருந்து வருவதை ஏற்காத தளங்களும் உண்டு. இதில் நம் பக்கம் திருத்த எதுவும் இல்லை. அந்தத் தளத்துக்குப் போகும்போது செயலியை அணைக்க வேண்டும், அல்லது செயலியின் அமைப்பில் அந்த ஒரு பிரவுசரை விலக்கி வைக்க வேண்டும்.

இந்த உத்தரவைப் பற்றி முதலாளி கவலையோடு கேட்டார், நம் டனலுக்கும் இது பொருந்துமா என்று. நிறுவனம் தன் கிளைகளை இணைக்கத் தானே நடத்தும் விபிஎன்னுக்கு இது பொருந்தாது என்று செர்ட்-இன் பிறகு வெளியிட்ட கேள்வி பதில் விளக்கத்தில் சொல்லியிருக்கிறது. பொதுமக்களுக்குச் சேவையாக விற்பவர்களுக்குத்தான் அது.

மூன்று கணினிகளிலும் பயனர் சொன்னது ஒரே வாக்கியம். யூனிட்டில் சிறியது வந்து பெரியது மௌனமாக நின்றது. கோபியில் எதுவுமே போகவில்லை. மெர்ச்சண்டைசருக்கு உடனே மறுப்பு வந்தது. மறுப்பு வந்தால் எதிர்முனை வரை வழி திறந்திருக்கிறது என்று பொருள். அப்போது எம்டியுவைத் தொடுவது வீண் வேலை.

இப்போது

யூனிட்டின் எல்லாப் போக்குவரத்தும் திருப்பூர் சுற்றிப் போக வேண்டியதில்லை என்பதால் டனலைப் பிரித்தோம். ஈஆர்பி முகவரி எல்லோருக்கும் டனல் வழியே. பையர் தளத்தை மட்டும் முகவரி வைத்துப் பிரிக்க முடியவில்லை. பெரிய தளங்களைப் போல அதுவும் பல இடங்களில் பரப்பி வைத்த சர்வர்களிலிருந்து வருகிறது, எண் மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே லேபிள் எடுக்கும் பேக்கிங் கணினிகளுக்கு மட்டும் முழு டனல், மற்றவை நேராக வெளியே. யூனிட் ஆட்களின் கைபேசிகள் இனி தலைமை அலுவலக லைனைத் தொடாது.

பழைய லைனை மாற்று லைனாக வைத்துக்கொண்டார்கள். இரண்டு லைனிலும் டனல் வழியே 1372 போகிறதா, 1373-க்குப் பதில் வருகிறதா என்று பார்த்து, அந்த எண்களையும் டனல் எம்டியுவையும் ரவுட்டர் பெட்டியின் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறோம். அடுத்ததாகத் தலைமை அலுவலக லைனையும் மாற்றும் எண்ணம் அவர்களுக்கு இருக்கிறது. அப்போது நிலையான ஐபி முகவரி மாறும். பையர் தன் பட்டியலில் புது முகவரியைச் சேர்க்கும் வரை லேபிள் இறங்காது. முகவரி கைக்கு வந்த அன்றே பையருக்கு எழுதுங்கள், அவர்கள் சேர்த்துவிட்டோம் என்று சொன்ன பிறகு லைனைத் துண்டிக்கலாம் என்று மேலாளரிடம் சொல்லியிருக்கிறேன்.